பெட்டி வைத்தோம், கருத்து வரவில்லை: பணியிடத்தில் யோசனைகளைத் திரட்டுவது எப்படி?

2 ஜூன் 2024 – வாசகர் ஒருவரின் கேள்வி

பெங்களூரின் பொம்மசந்திராவில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஓர் ஆலையில் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். ஏறத்தாழ 180 பேர் வேலை செய்கிறார்கள். ஜனவரியில் வருகைப்பதிவு எந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு கருத்துப் பெட்டியை மாட்டினோம். ஐந்து மாதங்களில் வந்தவை 11 சீட்டுகள். அவற்றில் ஆறு கேன்டீனைப் பற்றியவை. நம் ஆட்களுக்கு யோசனையே கிடையாது என்று மேலாளர் முடிவு கட்டிவிட்டார். அடுத்த மாதத்திலிருந்து சிறந்த யோசனைக்கு 5,000 ரூபாய் பரிசு அறிவிக்கலாம் என்கிறார்கள். பரிசு அறிவித்தால் வருமா? வந்தால் அவற்றை எப்படி வகைப்படுத்தி வைப்பது?

2 ஜூன், இரவு 10.15

பரிசை அறிவிக்கும் முன் ஒன்று சொல்லுங்கள்: அந்த 11 சீட்டுகளுக்கும் பதில் போயிற்றா?

பெங்களூரின் பீன்யாவில் உலோகப் பாகங்களைக் கடையும் ஓர் ஆலையில் 26 ஆண்டுகளாக இருக்கிறேன். முதலில் லேத் எனும் கடைசல் எந்திரத்தில் நின்றேன், இப்போது தரக் கட்டுப்பாட்டைப் பார்க்கிறேன். எங்கள் ஆலையிலும் ஒரு பெட்டி இருந்தது. அதன் சாவியை வைத்திருந்த நிர்வாக அலுவலர் வேலையை விட்டுப் போனார். சாவி எங்கே என்று யாரும் கேட்கவில்லை. 2009இல் சுவருக்கு வெள்ளையடிப்பதற்காகப் பெட்டியைக் கழற்றியபோதுதான் அதன் கனம் தெரிந்தது. பூட்டை உடைத்துத் திறந்தால் உள்ளே 63 சீட்டுகள், 14 மாதங்களாகச் சேர்ந்தவை.

அவற்றில் ஒன்றை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. வேலை விவரம் எழுதும் ஜாப் கார்டின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியது. ஓரத்தில் கூலண்ட் (வெட்டும்போது சூடு தணிக்க ஊற்றுவது) எண்ணெய் படிந்த கட்டைவிரல் ரேகை. '3ஆம் எண் லேத்தில் கூலண்ட் குழாயின் வாய் டூலுக்கு நேராக இல்லை. ஒரு விரல் அளவு இறக்கினால் இன்சர்ட் இவ்வளவு சீக்கிரம் தேயாது.' அவ்வளவுதான் எழுதியிருந்தது. இன்சர்ட் என்பது டூலின் முனையில் பொருத்தும் வெட்டும் துண்டு. அந்த 14 மாதங்களும் 3ஆம் எண் லேத்துக்கு மட்டும் ஏன் இத்தனை இன்சர்ட் செலவாகிறது என்று கொள்முதல் கூட்டத்தில் மாதாமாதம் பேசிக்கொண்டிருந்தோம். சரக்கு சரியில்லை என்று சொல்லி ஒரு விநியோகஸ்தரைக்கூட மாற்றினோம். விடை எங்கள் தலைக்கு மேலே, பூட்டிய பெட்டிக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. எழுதியவர் அதற்குள் வேலையை விட்டுவிட்டு ஓசூருக்குப் போய்விட்டிருந்தார்.

ஆகவே என் பதில் இது: உங்கள் ஆட்களிடம் யோசனை இல்லாமல் இல்லை. எழுதிப் போட்டால் ஒன்றும் திரும்பி வராது என்பதை அவர்கள் தெரிந்துகொண்டுவிட்டார்கள்.

3 ஜூன், காலை 7.05

கேன்டீன் சீட்டுகளைத் தள்ளி வைக்காதீர்கள். நேற்றே சொல்லியிருக்க வேண்டும், விட்டுப்போயிற்று. எந்திரத்தைப் பற்றிய யோசனையை எழுதினால் போர்மேன் என்ன நினைப்பார், சூப்பர்வைசர் முகம் சுளிப்பாரா என்ற அச்சம் இருக்கும். சாம்பாரைப் பற்றி எழுதுவதில் அந்த அச்சம் இல்லை. எனவே முதலில் சாம்பாரை எழுதிப் பார்க்கிறார்கள். அதற்கு என்ன நடக்கிறது என்று கவனிக்கிறார்கள். அமெரிக்காவில் கோடாக் நிறுவனம் 1898இல் யோசனைத் திட்டத்தைத் தொடங்கியபோது முதல் பரிசாக 2 டாலர் பெற்ற தொழிலாளி சொன்னது, வெளிச்சம் வரும்படி ஜன்னல்களைக் கழுவ வேண்டும் என்பதுதான். அதை அற்பம் என்று ஒதுக்கியிருந்தால் இரண்டாவது சீட்டு வந்திருக்காது.

அந்த ஆறு சீட்டுகளில் எது இந்த வாரமே முடியுமோ அதை முதலில் முடியுங்கள்.

3 ஜூன், இரவு 9.30

மும்பையிலிருந்து எழுதும் நண்பர், பெயர் எழுதச் சொல்வதா, பெயரில்லாமல் வாங்குவதா என்று கேட்டிருக்கிறார். பெயரோடுதான் வாங்க வேண்டும் என்பது என் கட்சி. பதிலை யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது என்று தெரிய வேண்டாமா?

இதற்கு ஒரு பழைய சான்று உண்டு. ஜப்பானில் எட்டாவது ஷோகுனாக (படைத்தலைமை ஆட்சியாளராக) இருந்த தோகுகாவா யோஷிமுனே 1721இல் மக்கள் முறையீடுகளை எழுதிப் போடுவதற்கு ஒரு பெட்டியை வைத்தார். பெயரும் முகவரியும் இல்லாத சீட்டுகள் ஏற்கப்படவில்லை. பெட்டியைத் திறந்து படித்தவர் ஷோகுன் தாமே. ஏழை நோயாளிகளுக்கு மருத்துவமனை வேண்டும் என்று ஒரு நகர மருத்துவர் அதில் எழுதிப் போட்டார். அடுத்த ஆண்டே, 1722இல், கொய்ஷிகாவாவில் அந்த மருத்துவமனை எழுந்தது. ஒரு நாட்டை ஆண்டவரே தம் கையால் பெட்டியைத் திறந்திருக்கும்போது, 180 பேர் வேலை செய்யும் ஆலையில் அந்தச் சாவி மேலாளரின் சட்டைப்பையில் இருப்பதற்கு என்ன தடை?

5 ஜூன், இரவு 11.00

இனி உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். வகைப்படுத்துவது என்பதில் நாங்கள் முதலில் செய்தது தவறு. அதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலான ஆலைகள் அதே தவற்றைத்தான் செய்கின்றன.

63 சீட்டுகளையும் துறைவாரியாகப் பிரித்தோம். டூல் ரூமுக்கு இத்தனை, பராமரிப்புக்கு இத்தனை, ஸ்டோர்ஸுக்கு இத்தனை என்று கோப்பு போட்டு அந்தந்தத் துறைத் தலைவரிடம் கொடுத்தோம். ஒவ்வொருவரும் அதைத் தம் துறையின் மீது வந்த புகார்ப் பட்டியலாகவே படித்தார்கள். யார் எழுதியது, ஏன் எழுதினான் என்று விசாரித்தார்கள். இரண்டு வாரத்தில் கோப்புகள் திரும்பி வந்தன, ஒவ்வொரு சீட்டின் மீதும் 'சாத்தியமில்லை' அல்லது 'ஏற்கனவே நடைமுறையில் உள்ளது' என்ற குறிப்போடு.

பிறகுதான் கவாகிதாவின் முறை எங்களுக்குத் தெரியவந்தது. ஜிரோ கவாகிதா ஜப்பானிய மானிடவியலாளர். நேபாளத்து மலைக் கிராமங்களில் களஆய்வு செய்தவர், 1984இல் மகசேசே விருது பெற்றவர். களத்தில் திரட்டிய எண்ணற்ற குறிப்புகளை ஒழுங்குபடுத்த அவர் கண்ட வழி எளிமையானது. ஒரு சீட்டில் ஒரே ஒரு செய்திதான் இருக்க வேண்டும். தலைப்புகளை முன்கூட்டியே முடிவு செய்யக் கூடாது. எல்லாவற்றையும் பரப்பி வைத்து, ஒன்றுக்கொன்று உறவுள்ளதாகத் தோன்றுபவற்றை அருகருகே நகர்த்தி, கூட்டம் சேர்ந்த பிறகே அதற்குப் பெயர் வைக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கேன்டீன் மேசைகளை ஒன்றாகச் சேர்த்து, 63 சீட்டுகளையும் அட்டைகளில் படியெடுத்துப் பரப்பினோம். ஆறு பேர் இருந்தோம். அதில் மூன்று பேர் ஆபரேட்டர்கள். துறையின் பெயரை யாரும் சொல்லக் கூடாது என்பது மட்டுமே விதி. மதியத்துக்குள் அட்டைகள் தாமாகவே சில கூட்டங்களாக நின்றன: காத்திருப்பது, தேடுவது, தூக்குவது, செய்ததையே திரும்பச் செய்வது. நான்கும் தொழிலாளியின் உடம்புக்குத் தெரிந்த சொற்கள். எந்தத் துறையின் பெயர்ப்பலகையிலும் இல்லாத சொற்கள்.

'காத்திருப்பது' என்ற கூட்டத்தில் 14 அட்டைகள் நின்றன. நான்கு வெவ்வேறு பகுதிகளைச் சேர்ந்தவர்கள் எழுதியவை. அத்தனையும் ஒரே விஷயம். துளையின் அளவைச் சரிபார்க்கும் பிளக் கேஜ் தர அறையில் பூட்டியிருக்கும்; ஒவ்வொரு முறையும் பதிவேட்டில் கையெழுத்திட்டு வாங்கி, திருப்பிக் கொடுக்க வேண்டும்; ஷிஃப்ட் தொடங்கும் நேரத்தில் வரிசை நிற்கும். அந்தப் பதிவேட்டு விதியைக் கொண்டுவந்தவன் நான். துறைவாரிக் கோப்பில் இந்த 14 சீட்டுகளும் நான்கு இடங்களில் சிதறிக் கிடந்ததால் ஒவ்வொன்றும் ஒருவருடைய முணுமுணுப்பாகத் தெரிந்தது. மேசையில் ஒன்றாகக் கண்டபோது என்னால் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. அடுத்த மாதமே ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு கேஜ் தொகுதியை எந்திரத்தின் அருகிலேயே கொக்கியில் மாட்டினோம். மாதம் ஒரு முறை தர அறையிலிருந்து ஆள் போய் அவற்றைச் சரிபார்ப்பது என்று முறையைத் திருப்பிவிட்டோம்.

6 ஜூன், காலை 6.50

திருத்தம். பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். 14 அல்ல, 12 அட்டைகள், பகுதிகளும் மூன்றுதான். எண்ணைப் பெரிதாக்கிச் சொல்லும் நோக்கம் எனக்கில்லை, மனத்தில் அப்படிப் பதிந்துவிட்டிருக்கிறது. நோட்டு வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்த நோட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு யோசனைக்கும் ஒரு வரி: வந்த தேதி, சொன்னவர், எந்தத் தொல்லையைப் பற்றியது, யார் பார்க்கிறார், பதில் சொன்ன தேதி. கடைசிக் கட்டம் ஏழு நாளுக்கு மேல் காலியாக இருக்கக் கூடாது. பதில் 'முடியாது' என்பதாகவும் இருக்கலாம், ஆனால் காரணத்தோடு, நேரில் போய்ச் சொல்ல வேண்டும்.

9 ஜூன், மாலை 5.20

பரிசைப் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். எங்கள் அனுபவத்தைச் சொல்கிறேன்.

மிச்சமாகும் தொகையில் பத்தில் ஒரு பங்கு யோசனை சொன்னவருக்கு என்று 2010இல் அறிவித்தோம். கடையும் பாகத்தைப் பிடித்து நிறுத்தும் ஃபிக்ஸ்சரில் செய்த ஒரு மாற்றத்தில் நல்ல மிச்சம் கிடைத்தது. யோசனை தன்னுடையது என்றார் ஆபரேட்டர். அதை வேலைக்கு ஆகும்படி மாற்றிக் கொடுத்தது தான் என்றார் எந்திரத்தை அமைத்துக் கொடுக்கும் செட்டர். இருவரும் கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள், மாமன் மச்சான் முறை, ஒரே டிபன் பாத்திரத்தைத் திறந்து வைத்துச் சாப்பிட்டவர்கள். தீர்ப்பு சொன்ன நாளிலிருந்து கேன்டீனின் இரண்டு மூலைகளில் உட்கார்ந்தார்கள். அதைவிட மோசமான விளைவு என்னவென்றால், டீ நேரத்தில் எந்திரத்தைப் பற்றி வாய்விட்டுப் பேசுவதையே எல்லோரும் குறைத்துக்கொண்டார்கள். ஒருவர் சொல்லை இன்னொருவர் எடுத்து வளர்ப்பதால்தான் யோசனை உருவாகிறது. அந்த இடத்திலேயே நாங்கள் வேலி போட்டுவிட்டோம்.

ஜப்பானின் தோயோட்டா (டொயோட்டா) கார் நிறுவனத்தில் யோசனைத் திட்டம் 1951இல் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு அந்நிறுவன நிர்வாகி எய்ஜி தோயோடா அமெரிக்கா சென்று ஃபோர்டு ஆலையைப் பார்த்தபோது அங்கிருந்த யோசனைத் திட்டத்தைக் கண்டு வந்ததே அதற்கு வித்து. தோயோட்டாவில் வேரூன்றிய பழக்கம், எண்ணற்ற சிறிய யோசனைகளைத் திரட்டி உடனுக்குடன் செய்து பார்ப்பது. ஒரு பெரிய யோசனையைத் தேர்ந்தெடுத்து மேடையேற்றும் உங்கள் மேலாளரின் திட்டம் அதற்கு நேர் எதிரானது.

ஆகவே 5,000 ரூபாய் வேண்டாம்.

10 ஜூன், இரவு 8.40

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, எங்களிடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் போனில் அழைத்தார். 'சார், பணமே வேண்டாம்னு எழுதாதீங்க. அன்னிக்கு வந்த எண்ணூறு ரூபாயிலதான் பொண்ணுக்குப் பள்ளிக்கூடத்துப் பை, செருப்பு எல்லாம் வாங்கினேன்' என்றார். சம்பளம் வாங்குகிறவன் நான்; அவரோ அப்போது ஒப்பந்தத் தொழிலாளி. ஒப்பந்தத் தொழிலாளியின் யோசனையால் ஆலைக்கு மிச்சமாகிறது, அடுத்த ஆண்டு அவருடைய ஒப்பந்தமே நீளாமல் போகிறது என்றால், பணத்தைப் பற்றிப் பேசாதே என்று நான் சொல்வது நியாயமில்லை.

எனவே மாற்றிக்கொள்கிறேன். பணம் இருக்கட்டும், ஆனால் போட்டி வேண்டாம். செயலுக்கு வந்த ஒவ்வொரு யோசனைக்கும் ஒரே அளவான சிறு தொகை. அதைச் செய்து முடித்தவர்கள் அனைவருக்கும் சமமாக. ஒப்பந்தத் தொழிலாளிக்கும் அதே தொகை. எங்கள் ஆலையில் கடைசியில் நிலைத்தது இந்த ஏற்பாடுதான்.

13 ஜூன், இரவு 10.30

மொழியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லையே என்று பார்த்தேன். பெங்களூரில் ஓர் ஆலைக்குள் எத்தனை மொழிகள் என்று எண்ணிப் பாருங்கள். எங்கள் இரண்டாம் ஷிஃப்டில் கன்னடம், தமிழ், தெலுங்கு, இந்தி, ஒடியா எல்லாம் கேட்கும். பெட்டியின் மேல் ஆங்கிலத்தில் எழுதி, ஆங்கிலத்தில் அச்சிட்ட படிவத்தை வைத்துவிட்டு, யாரும் எழுதவில்லை என்று குறைப்படுகிறோம். நன்றாகக் கன்னடமும் தமிழும் பேசும் பலருக்கு எந்த எழுத்திலும் ஒரு பத்தி எழுதும் பழக்கம் இருக்காது. நாங்கள் படிவத்தை எடுத்துவிட்டோம். சூப்பர்வைசர் எந்திரத்தின் அருகில் போய்க் கேட்டு, சொன்னவர் பெயரிலேயே எழுத வேண்டும். சொல்ல முடியாததைப் படமாக வரைந்து காட்டலாம். போனில் குரலைப் பதிந்தும் அனுப்பலாம். ஒடிசாவைச் சேர்ந்த ஓர் இளைஞர் சாக்பீஸால் தரையில் வரைந்து காட்டியதைத்தான் இன்றைக்கு எங்கள் பொருள் ஏற்றும் வண்டியாகத் தள்ளிக்கொண்டிருக்கிறோம்.

16 ஜூன், மதியம் 3.00

நிராகரித்த யோசனைகளை என்ன செய்வது என்று வினவியவரே கேட்டிருக்கிறார். தூக்கிப் போடாதீர்கள். அமெரிக்காவின் 3எம் நிறுவனத்தில் ஸ்பென்சர் சில்வர் 1968இல் வலுவான பசையைத் தேடிப் போய், லேசாக ஒட்டி எளிதாக உரிந்து வரும் ஒன்றைக் கண்டார். அதற்கு ஒரு வேலையும் இல்லை. சில ஆண்டுகள் கழித்து அங்கே பணியாற்றிய ஆர்ட் ஃப்ரை, தேவாலயப் பாடகர் குழுவில் பாட்டுப் புத்தகத்தில் வைத்த அடையாளத் தாள்கள் நழுவி விழுகின்றனவே என்று தவித்தபோது அந்தப் பசை நினைவுக்கு வந்தது. ஒட்டி எடுக்கும் குறிப்புச் சீட்டான போஸ்ட்-இட் தாள் அமெரிக்கச் சந்தைக்கு முழுமையாக வந்தது 1980இல். பசை காத்திருந்தது, அப்படி ஒன்று இருக்கிறது என்று தெரிந்த ஒருவருக்குத் தொல்லை வந்தது. இரண்டும் சந்திக்காமலே போயிருக்கவும் கூடும்.

எங்களிடம் நடந்தது மிகச் சிறியது. 20 மி.மீ. துளையுள்ள புஷ் (குழல் வடிவ உலோகத் துண்டு), 20.5 மி.மீ. துளையுள்ள புஷ் என இரண்டு வகை. வெளித்தோற்றத்தில் வேறுபாடே தெரியாது. பெரியதை அடுக்கும் தட்டில் 20.3 மி.மீ. தடிமனில் முளைகள் வைத்தால் சிறியது அதில் இறங்கவே இறங்காது என்று ஓர் ஆபரேட்டர் 2012இல் சொன்னார். முளைகளைக் கடைய ஆகும் செலவைக் காட்டி மறுத்தோம். மறுத்த காரணத்தையும் நோட்டில் எழுதி 'காத்திருப்பவை' என்ற அடுக்கில் வைத்தோம். 2015இல் இரண்டும் கலந்து போன ஒரு பெட்டியை வாடிக்கையாளர் திருப்பி அனுப்பினார். அன்று மாலையே அந்த அடுக்கிலிருந்து சீட்டை எடுத்தோம். பத்தே நாளில் தட்டு தயார். மாதத்தின் முதல் சனிக்கிழமை அந்த அடுக்கை எடுத்து, அந்த மாதத்துத் தொல்லைகளோடு பக்கத்தில் வைத்துப் படிப்பதை அன்றிலிருந்து விடவில்லை.

தவறே நேராதபடி தடுக்கும் இத்தகைய அமைப்பை ஜப்பானில் போகா-யோகே என்கிறார்கள். அதற்கு ஜப்பானியப் பொறியாளர் ஷிகேயோ ஷிங்கோ முதலில் வைத்திருந்த பெயர் பாகா-யோகே; முட்டாள் செய்தாலும் தவறாகாது என்ற பொருள். ஒரு பெண் தொழிலாளி, 'நான் அவ்வளவு முட்டாளா?' என்று அழுதுவிட்டதால் 1963இல் அவர் பெயரை மாற்றினார். போகா என்றால் கவனப் பிசகு. நோட்டில் தலைப்பு வைக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 'ஆபரேட்டர் தவறுகள்' என்று ஒரு பக்கத்துக்கு நாங்கள் பெயர் வைத்திருந்தவரை அந்தப் பக்கம் நிரம்பவே இல்லை.

18 ஜூன், இரவு 9.10

ஒயிட்ஃபீல்டில் மென்பொருள் வேலையில் இருக்கும் தம்பி, தங்கள் அலுவலகத்தில் யோசனைகளை இணையத்தில் பதிந்து வாக்களிக்கும் முறை இருப்பதாகவும் அதுவே போதும் என்றும் எழுதியிருக்கிறார். என் மகளும் அத்தகைய அலுவலகத்தில்தான் வேலை செய்கிறாள். அவளிடம் கேட்டேன். முதல் இரண்டு நாளில் பதிந்தவை மேலே ஏறி நின்றுவிடுகின்றன, டீம் லீட் பதிந்தால் கீழே இருப்பவர்கள் வரிசையாக வாக்களிக்கிறார்கள், புதிதாகச் சேர்ந்தவர் பதிந்தது மூன்றாம் பக்கத்துக்குப் போய்விடுகிறது என்றாள். கருவியில் குறையில்லை, தம்பி. வாக்கு எண்ணிக்கையை முடிவாகக் கொள்ளாமல், ஒவ்வொன்றுக்கும் ஒருவர் பொறுப்பேற்றுத் தேதியோடு பதில் எழுதுகிறாரா என்று மட்டும் பாருங்கள்.

24 ஜூன், இரவு 11.20

வினவியவர் 11 சீட்டுகளுக்கும் பதில் ஒட்டிவிட்டதாகவும், அதற்கடுத்த பத்து நாளில் 17 சீட்டுகள் வந்ததாகவும் எழுதியிருப்பதைப் படித்து மனம் நிறைந்தது. ஆனால் அதே குறிப்பின் கடைசி வரி என்னைத் தூங்கவிடவில்லை. பெயரில்லாத சீட்டு ஒன்று: 'இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து வண்டி நிறுத்துமிடத்துக்குப் போகும் வழியில் இரண்டு விளக்கு போடுங்கள் என்று மூன்று முறை சொல்லியாயிற்று. யாராவது விழுந்த பிறகுதான் போடுவீர்களா?' மேலாளர் அந்தக் கையெழுத்து யாருடையது என்று கண்டுபிடிக்கச் சொல்லியிருக்கிறார்.

கையெழுத்தைத் தேடாதீர்கள். அவர் மறுபடி கேட்டாலும் தேடாதீர்கள். விடுப்பு விண்ணப்பங்களோடு அந்தச் சீட்டை ஒப்பிட்டுப் பார்க்கும் செய்தி மறுநாள் காலை டீக்கு முன்பே ஆலை முழுக்கப் பரவிவிடும். அதற்குப் பிறகு வேறு எந்த ஏற்பாடும் எடுபடாது.

பெயரோடுதான் வாங்க வேண்டும் என்று 3ஆம் தேதி அவ்வளவு உறுதியாக எழுதியிருந்தேன். அதை இப்போது திருத்திக்கொள்கிறேன். எங்கள் ஆலையில் பெயர் எழுதுவது இயல்பாகிவிட்டது, ஆனால் அதற்குப் பல ஆண்டுகள் ஆயின. அந்த ஆண்டுகளை மறந்துவிட்டு எழுதிவிட்டேன். மூன்று முறை வாயால் சொல்லிப் பார்த்து, நான்காவது முறை பெயரில்லாமல் எழுதுகிறவரிடம் பெயரைக் கேட்க நமக்கு உரிமை இல்லை. பெயரில்லாத சீட்டுக்குச் சுவரில் பதில் ஒட்டலாம், எழுதியவர் படித்துக்கொள்வார்.

நாளைக் காலை மின்பணியாளரை அந்த வழியில் நடக்கச் சொல்லுங்கள். முடிந்தால் நீங்களும் இரவு பத்தரைக்கு ஒரு முறை நடந்து பாருங்கள்.

29 ஜூன், காலை 7.30

ஒரு விளக்கு எரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நன்றி. சீட்டில் கேட்டிருந்தது இரண்டு. இரண்டாவது எந்தத் தேதிக்குள் வரும் என்பதை அதே தாளில் கன்னடத்திலும் தமிழிலும் இந்தியிலும் எழுதி, வருகைப்பதிவு எந்திரத்துக்குப் பக்கத்தில் இன்றே ஒட்டிவிடுங்கள்.